பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரும்பு ஃபிளேர்: ஒரிஜினலா, மறுதயாரிப்பா?

சக்கரத்துக்கு மேலே மட்காட் வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும் பகுதிதான் ஃபிளேர். அகலமான சக்கரத்தை மூடுவதற்காகச் சில கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே அப்படி அச்சடித்து அனுப்பினார்கள். மற்றவற்றில் பிற்காலத்தில் வெட்டி ஒட்டினார்கள். மலையகத்தில் பழைய கார் ஒன்றை வாங்கித் திருத்தத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, ஒரிஜினல் ஃபிளேர் தேடுவதா, புதிதாக அடித்து விற்கும் மறுதயாரிப்பை வாங்குவதா என்றுதான். அதற்குப் பதில் சொல்லும் முன் வேறு மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும்: உங்கள் காரின் உடல் எந்த ஆண்டுடையது, அதில் எந்தச் சக்கரம் ஓடப்போகிறது, தகட்டின் உட்பக்கத்தை ஈரத்திலிருந்து எப்படிக் காப்பாற்றப்போகிறீர்கள்.

மூன்றாவதுதான் இங்கே மிக முக்கியம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஃபிளேரை அரிப்பது மூட்டுக்குள் புகுந்து காயாமல் நிற்கும் தண்ணீர். சரியாக மூட்டப்பட்ட மறுதயாரிப்பு பல ஆண்டு நிற்கும். அவசரமாக ஒட்டிய ஒரிஜினல் இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் பெயின்ட்டுக்குக் கீழே கொப்பளிக்கத் தொடங்கிவிடும்.

முதலில் காரைப் பாருங்கள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். அது முதல் பதிவு நடந்த ஆண்டாகவும் இருக்கலாம். செஸி இலக்கத்தை எடுத்து, அந்த இலக்கம் எந்த உற்பத்தி ஆண்டுக்கு உரியது என்று பாருங்கள். ஒரே பெயருடைய காரில்கூட மட்காட் நடுவே மாறியிருக்கிறது.

போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1968 மாடல் வரை அதன் சக்கர இடைத்தூரம் 2211 மில்லிமீற்றர். 1969 மாடலில் அது 2268 ஆனது. பின்சக்கரம் 57 மில்லிமீற்றர் பின்னால் போனது, அதோடு பின்மட்காட்டின் வளைவும் நகர்ந்தது. ஆகவே 1970களின் காரிலிருந்து வெட்டிய பின்ஃபிளேரை 1967ஆம் ஆண்டுக் காரில் வைத்தால், சக்கரம் வளைவின் நடுவில் நிற்காது. எவ்வளவு நல்ல ஒரிஜினலாக இருந்தாலும் அது உங்களுக்குப் பயன்படாது. பிறகு 1973ஆம் ஆண்டின் கரேரா ஆர்எஸ் 2.7இல் பின்பக்கத்தில் 7 அங்குல ரிம்முக்காக அகலம் கூடியது. 1975இல் டர்போவின் மிக அகலமான உடல் வந்தது. 1978இல் தொடங்கிய 911 எஸ்ஸி (SC) மாடலின் ஃபிளேர்தான் அடுத்து வந்த 3.2 கரேராவிலும் 1989 வரை தொடர்ந்தது. இப்படி ‘911 ஃபிளேர்’ என்ற ஒரே பெயருக்குள் பல உருவங்கள் இருக்கின்றன. விற்பவர் ஆண்டையும் மாடலையும் சொல்லாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சிறிய எம்ஜி மிட்ஜெட்டிலும் இதே சிக்கல் உண்டு. 1972 முதல் 1974 வரை வந்த கார்களுக்குப் பின்சக்கர வளைவு வட்டமாக இருக்கும். அதற்கு முன்னும், ரப்பர் பம்பர் வந்த பிறகும், மேல்பக்கம் தட்டையான சதுர வளைவுதான். இரண்டுக்குமான பின்மட்காட் தகடுகள் வேறு வேறு. படத்தில் பார்க்கும்போது சிறு வித்தியாசமாகத் தெரிந்தாலும் காரில் வைத்தால் ஒத்துவராது.

இன்னொரு எச்சரிக்கை. ஜப்பானில் விற்ற டட்சன் 240இசட்ஜியின் மேல்மட்காட் தகடு, ரிவெட் அடித்த நார்க்கண்ணாடிப் (ஃபைபர்கிளாஸ்) பொருள். அதற்கு ‘தொழிற்சாலை இரும்பு ஃபிளேர்’ என்று யாராவது விற்க வந்தால், அது தொழிற்சாலைப் பொருள் அல்ல. வாங்கும் முன், உங்கள் காருக்குத் தொழிற்சாலை இரும்பில்தான் ஃபிளேர் செய்ததா என்பதை உறுதி செய்யுங்கள்.

அடுத்து, காரில் ஏற்கெனவே யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். துணி சுற்றிய சிறு காந்தம், டோர்ச், முடிந்தால் பெயின்ட் தடிப்பு மானி போதும். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன். 300க்கு மேலே என்றால் மறுபடி அடித்திருக்கிறார்கள். 1000ஐத் தாண்டினால் உள்ளே பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பசை இருக்கிறது. காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி தடிப்பாக இருக்கும் அல்லது நார்க்கண்ணாடி இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, மட்காட்டின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேலிருந்து சுமார் ஒரு சாண் கீழே கிடையாக ஒரு மேடு ஓடினால், அது பழைய ஒட்டு வேலை.

கார் உண்மையிலேயே ஒல்லியான உடலோடு, இயந்திர இலக்கம் பொருந்தி, வெட்டாமல் வந்திருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். அப்படிப்பட்ட உடல்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகின்றன. வெட்டிய பின்மட்காட்டைப் பழையபடி கொண்டுவர ஆகும் செலவு, ஃபிளேருக்குக் கொடுத்த காசைவிடப் பல மடங்கு. அகல ஃபிளேர் ஆசை இருந்தால், ஏற்கெனவே வெட்டப்பட்ட அல்லது துருவால் பின்மட்காட் போன ஒரு காரைத் தேடுங்கள்.

சக்கரத்தைத் தீர்மானித்த பிறகுதான் ஃபிளேர்

பலர் தலைகீழாகச் செய்வது இதில்தான். ஃபிளேரை வாங்கிய பிறகு அதை நிரப்பச் சக்கரம் தேடுவார்கள். கடைசியில் டயர் வெளியே துருத்தும், இல்லாவிட்டால் உள்ளே ஒளிந்து நிற்கும்.

ரிம் எவ்வளவு வெளியே வரும் என்பதை அகலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, ஒஃப்செட்டும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே ஒஃப்செட். 911இன் ஃபூக்ஸ் ரிம்களைப் பாருங்கள்: 6 அங்குலத்துக்கு 36, 7 அங்குலத்துக்கு 23.3, 8 அங்குலத்துக்கு 10.6. ஆறிலிருந்து ஏழுக்குப் போனால் ரிம்மின் ஒவ்வொரு பக்கமும் 12.7 கூடும், ஒஃப்செட் 12.7 குறையும். வெளிப்பக்கத்தில் இரண்டும் கூடி 25.4 மில்லிமீற்றர் வெளியே வரும். உட்பக்கத்தில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும், எதுவும் மாறாது. ஒவ்வோர் அங்குலமும் வெளியே மட்டும் வளரும்படி தொழிற்சாலை கணக்குப்போட்டது. ஃபிளேர் அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்து வளர்ந்தது.

இதே காரில், ஒஃப்செட் 0 உள்ள ஏதோ ஒரு 7 அங்குல ரிம்மைப் போட்டால் வெளிமுகம் 48.7 மில்லிமீற்றர் தள்ளி வரும். உட்பக்கத்தில் 23 மில்லிமீற்றர் வீணாகக் காலியாகக் கிடக்கும். இரண்டும் 7 அங்குலம்தான், ஆனால் ஒன்றுக்கு எஸ்ஸி ஃபிளேர் போதும், மற்றதற்கு அது எட்டாது. ரிம்மின் பின்பக்கத்தில் அடித்திருக்கும் எண்ணைப் படித்து, கணக்கைத் தாளில் எழுதிய பிறகே ஃபிளேர் அகலத்தைப் பேசுங்கள்.

கணக்கு முடிந்ததும் காரிலேயே சோதியுங்கள். ஸ்பிரிங்கைத் தனியாகக் கழற்றக்கூடிய கார் என்றால், அதையும் ஷொக் அப்சோபரையும் கழற்றி, சக்கரம் மேலேறும் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் தொடும்வரை சக்கரத்தை ஜாக்கியால் மெதுவாக உயர்த்துங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள். டயருக்கும் விளிம்புக்கும் குறைந்தது 10 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள கார்களில் வளைவில் அக்சல் பக்கவாட்டில் சற்று நகரும் என்பதால், அங்கே 15 வையுங்கள்.

கடைசிச் சோதனைக்குக் களிமண் போதும். இப்போதுள்ள விளிம்பின் உட்பக்கத்தில் நான்கைந்து இடத்தில் களிமண் உருண்டைகளை ஒட்டி, இருவரை ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஒரு தோட்டப் பாதையில் மெதுவாகப் போய் வாருங்கள். களிமண் எங்கே நசுங்கியிருக்கிறது, எவ்வளவு தடிப்பு மிஞ்சியிருக்கிறது என்பதே உங்கள் உண்மையான இடைவெளி. சமதரையில் தெரியாதது ரம்பொடை ஏற்றத்தில் தெரியவரும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் வரும் அகல டயர் கார்களைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். அவை சஸ்பென்ஷனை இறுக்கிய, ஒருவர் மட்டும் ஓட்டும் கார்கள். குடும்பத்தோடு, டிக்கியில் சாமானோடு போகும் காருக்கு அந்த அளவு ஒத்துவராது.

கிடைக்கும் வகைகள்

*பயன்படுத்தாத பழைய ஸ்டொக்.* அந்தக் காலத்திலேயே தொழிற்சாலை செய்து, எங்கோ களஞ்சியத்தில் கிடந்தது. பொருத்தம் சிறப்பாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் ‘புதிது’ என்ற சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். பல பத்தாண்டுகளாகச் சுவரில் சாய்ந்து நின்ற தகட்டின் கீழ்விளிம்பு வளைந்திருக்கும், மடிப்புக்குள் மேல்துரு இருக்கும்.

*வேறு காரிலிருந்து வெட்டியது.* பின்பக்கம் அடிபடாத, முன்பக்கம் நொறுங்கிய காரிலிருந்து வந்தால் இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. தகட்டின் வளைவு, அழுத்தக் கோடுகள், விளிம்பின் மடிப்பு எல்லாமே தொழிற்சாலையுடையவை. விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எதனால் வெட்டினீர்கள்? கேஸ் டோர்ச்சால் வெட்டியிருந்தால் ஓரம் முழுவதும் சூட்டில் நெளிந்திருக்கும், வேண்டாம். கிரைண்டர் தட்டாலோ காற்று ரம்பத்தாலோ வெட்டியது நல்லது. நான் வெட்டப்போகும் கோட்டுக்கு வெளியே எவ்வளவு தகடு விட்டிருக்கிறீர்கள்? சுற்றிலும் 50 மில்லிமீற்றராவது வேண்டும். உட்பக்கச் சக்கரக் கூடு ஒட்டியபடியே வருகிறதா? வந்தால் நல்லது, ஏனெனில் ஃபிளேரின் விளிம்பும் உட்கூடும் சேரும் மூட்டைத் தொழிற்சாலை போட்ட நிலையில் பார்க்கலாம், அளவெடுக்கலாம்.

911இல் இன்னொரு நன்மையும் உண்டு. 1976 மாடலிலிருந்து அதன் உடல் துத்தநாகத்தில் தோய்த்த தகடு. ஆனால் அதை வெல்ட் பண்ணும்போது, மூட்டின் இரு பக்கமும் 25 மில்லிமீற்றர் அளவுக்குத் துத்தநாகத்தை உரசி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வெல்டில் குமிழி விழும். எரியும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். கராஜின் இரு பக்கக் கதவையும் திறந்து வைத்து, புகைக்கு ஏற்ற முகமூடியோடு செய்யுங்கள். மழைக்காகக் கதவை மூடிக்கொண்டு செய்யக்கூடாத வேலை இது.

*மறுதயாரிப்பு.* இதற்குள்ளேயே தரம் வானத்துக்கும் பூமிக்குமாக மாறும். பழைய அச்சையே வைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். 1975இல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ், எம்ஜிபி, மிட்ஜெட், மினி போன்றவற்றுக்குப் பழைய அச்சுக் கருவிகளையே கொண்டு உடல் தகடுகள் செய்கிறது. 1988இல் எம்ஜிபியின் முழு உடலையே மறுபடி வெளியிட்டது. அப்படிப்பட்ட தகட்டை ‘மறுதயாரிப்பு’ என்று தாழ்வாகப் பார்க்கத் தேவையில்லை. மறுபக்கம், காரிலிருந்து அச்செடுத்து, மென்மையான கருவியில் அடித்த தகடுகளும் உண்டு. அவற்றில் அழுத்தக் கோடுகள் மழுங்கியிருக்கும், விளிம்பு மடிப்பு குறுகியிருக்கும், இடதும் வலதும் ஒத்திராது. பட்டி பூசித்தான் கோட்டைக் கூர்மையாக்க வேண்டிவரும், அந்தப் பட்டி மலைக்குளிரிலும் வெயிலிலும் மாறி மாறி வெடிக்கும்.

*இங்கேயே அடித்துச் செய்வது.* இதை ஒதுக்கிவிடாதீர்கள். கண்டியிலும் பதுளையிலும் நல்ல கை உள்ள டிங்கர் பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வளைவுக்கான சரியான வழிகாட்டி. நல்ல பக்கத்தின் வளைவை 6 மில்லிமீற்றர் கம்பியில் வளைத்துக் கூடு செய்து கொடுங்கள். தகடு கூரைக்குப் போடும் துத்தநாக அலுமினியத் தகடாக இருக்கக்கூடாது. கேஜ் 20, அதாவது சுமார் 0.9 மில்லிமீற்றர் தடிப்புள்ள, பூச்சில்லாத, குளிர்முறையில் உருட்டிய தகட்டைக் கேட்டு வாங்குங்கள். கேஜ் 22 வளைக்க இலகு, ஆனால் அடித்து இழுக்கும்போது இன்னும் மெலிந்துபோகும்.

எதை எடுப்பது? தொழிற்சாலை ஃபிளேரோடு பிறந்து, ஆவணமும் உள்ள அரிய கார் என்றால், அதே மாடலின் ஒரிஜினல் தகட்டைக் காத்திருந்து தேடுங்கள். பின்னாளில் அந்தக் காரைப் பார்க்கத் தெரிந்தவர்கள் விளிம்பின் உட்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். தினமும் ஓடும் கார், ஏற்கெனவே வெட்டப்பட்ட கார் என்றால், பழைய அச்சில் அடித்த மறுதயாரிப்பே போதும். அதில் மிச்சமாகும் காசை வெல்டிங்குக்கும் பூச்சுக்கும் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால், மற்றப் பக்கத்தைப் பார்த்து உள்ளூரில் செய்வது சில வேளைகளில் மிகப் பொருத்தமாக அமையும், ஏனெனில் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதுதான் கண்ணுக்கு முக்கியம்.

காசு கொடுக்கும் முன்

நல்ல பக்கத்து மட்காட்டின் மேல் தடித்த காகித மட்டையைப் பிடித்து, மூன்று இடத்தில் வளைவை மட்டையில் வெட்டி எடுங்கள்: சக்கர மையத்துக்கு நேர் மேலே, முன்பக்கம் 45 பாகையில், பின்பக்கம் 45 பாகையில். அதே மூன்று இடத்தில் விற்பவரின் தகட்டில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உட்பக்க மடிப்பின் அகலத்தையும் கேளுங்கள், அதை உங்கள் காரின் மடிப்போடு ஒப்பிடுங்கள். தகட்டின் தடிப்பை மைக்ரோமீற்றரில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். உங்கள் காரின் தகட்டைவிட வெகுவாக மெலிந்திருந்தால், வெல்ட் பண்ணும்போது ஒரு பக்கம் ஓட்டை விழும், மறு பக்கம் ஒட்டாது.

கறுப்புப் பூச்சோடு வரும் தகட்டில் ஓரமாகத் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் அது பயணத்துக்காக அடித்த வெறும் பெயின்ட், முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். கறுக்காவிட்டால் மின்முறையில் படிந்த நல்ல பூச்சு, வெல்ட் பண்ணும் ஓரத்தில் மட்டும் உரசினால் போதும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய தகடு தேடிப் போகிறவர்கள் மட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால், பாரம் அல்ல, பெட்டியின் அளவுதான் செலவைக் கூட்டும். விமானக் கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்துவரும் கிலோவுக்குக் கட்டணம் எடுப்பார்கள். 100, 60, 40 என்ற பெட்டி வெறும் தகடாக இருந்தாலும் 48 கிலோ என்று கணக்காகும். ஒரு பக்கத் தகட்டுக்குள் மறு பக்கத்தை அடுக்கி, இடையில் நுரை வைத்துக் கட்டச் சொன்னால் இடம் குறையும். வாகன உடல் பாகங்கள் சுங்கத்தில் 8708.29 என்ற தலைப்பின் கீழ் வரும். அன்றைய வரி வீதத்தைக் கொழும்பில் உள்ள ஒரு சுங்க முகவரிடம் கேட்டு, மொத்தக் கணக்கைப் போட்ட பிறகு கட்டளை கொடுங்கள்.

உடலின் வடிவம் மாறுகிறது என்பதால், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் வெட்டும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வெட்டாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்

கார் தன் சக்கரங்களில், மட்டமான தரையில் நிற்க வேண்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்துப் பார்த்தால் உடல் சற்று முறுக்கும். நம் பக்கத்து முற்றங்கள் பெரும்பாலும் சரிவு. மேசன் பாஸ்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயை நான்கு சக்கரத்துக்கும் பிடித்து, தாழ்ந்த சக்கரங்களின் கீழ் பலகை வைத்து மட்டமாக்குங்கள்.

ஃபிளேரைப் பழைய மட்காட்டின் மேலேயே வைத்து கிளாம்பால் பிடியுங்கள். சக்கர மையத்திலிருந்து விளிம்பின் உச்சிவரை அளந்து, இடது வலது வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்குள் வரவேண்டும். விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, காரின் நடுக்கோட்டிலிருந்து அந்தப் புள்ளிக்கான தூரத்தையும் ஒப்பிடுங்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பின்மட்காட்டின் முன்னோரம் கதவுக்குப் பக்கத்தில் வருகிற கார்களில், இங்கே செய்யும் பிழை பிறகு கதவு இடைவெளியாகத் தெரியும். ஒருநாள் அப்படியே விட்டு, மறுநாள் காலை தூரத்தில் நின்று பாருங்கள். பனி மூடிய மங்கல் வெளிச்சத்தில் வளைவின் கோணல் வெயிலில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

911, எம்ஜிபி, மிட்ஜெட் எல்லாவற்றிலும் முன்மட்காட் போல்ட் ஆணியால் பூட்டியது. கழற்றி மேசையில் வைத்து வேலை செய்யலாம். பின்மட்காட் உடலோடு வெல்ட் பண்ணியது, வேலை முழுவதும் அங்கேதான்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வையுங்கள், சும்மா மூடிவிட்டால் போதாது. பற்றறியைக் கழற்றுங்கள், அல்டர்னேட்டர் வயரையும் கழற்றுங்கள். உட்பக்கக் கம்பளத்தையும் பழைய தார்ப் பூச்சையும் ஒரு முழம் அளவுக்கு எடுத்துவிடுங்கள். நீர் நிரப்பிய வாளியும் தீயணைப்பு உருளையும் பக்கத்தில் இருக்கட்டும், ஓர் ஆள் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

ஃபிளேரின் மேலோரத்தைக் காரில் கீறி, அந்தக் கோட்டுக்கு 20 மில்லிமீற்றர் கீழே முதலில் வெட்டுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு வரலாம், குறைவாக வெட்டியதைத் திருத்த முடியும். இரண்டு தகட்டையும் நேருக்கு நேர் முட்டவைத்து ஒட்டுவதே இங்கே ஏற்றது. ஒன்றின் மேல் ஒன்று 12 மில்லிமீற்றர் ஏறும் மூட்டு இலகுவானது, பல கராஜ்களில் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்த ஏறுமூட்டின் உட்பக்கத்தில் ஒரு சிறு படி உருவாகும். டயர் வீசும் சேற்று நீர் அதில் உட்கார்ந்து, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் காயவே காயாது. துரு உள்ளிருந்து வெளியே வரும்.

மிக் (MIG) வெல்டர் என்றால் 0.6 மில்லிமீற்றர் கம்பி, ஆர்கன் கலந்த கேஸ், 0.9 தகட்டுக்குச் சுமார் 35 முதல் 50 அம்பியர். முதலில் அதே தகட்டின் துண்டில் சோதியுங்கள். 25 முதல் 30 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி வீதம், ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று என்று தாவித் தாவிப் போடுங்கள். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. நீளமாக இழுத்தால் தகடு சுருங்கி, மூட்டின் மேலே அலை விழும், அதை மூடத் தடிப்பாகப் பட்டி பூச வேண்டிவரும். தோட்டப் பக்கங்களில் மாலையானால் மின்னழுத்தம் இறங்கும் இடமாக இருந்தால், வெல்டிங்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைந்தால் புள்ளி மேலே உருண்டு நிற்கும், உள்ளே ஊடுருவாது.

இனி எல்லாரும் தவறவிடும் இடம். வெளித்தகடு வெளியே போய்விட்டது, ஆனால் உட்பக்கச் சக்கரக் கூடு பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் வெறுமை. சிலர் அங்கே நுரையை அடித்து அல்லது சிலிக்கனைத் தேய்த்து மூடிவிடுகிறார்கள். நுரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். கூட்டின் ஓரத்தை 25 மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டாகப் பிளந்து, அந்த நாக்குகளை வெளியே மடித்து, புதிய விளிம்பின் மடிப்போடு ஒவ்வொன்றாக வெல்ட் பண்ணுங்கள். நாக்குகளுக்கு இடையே உள்ள முக்கோண இடைவெளியைத் தகடு வெட்டி அடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் விளிம்பு தளர்ந்து அதிரும், சேறு நேராக உடலின் உள்ளே, கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ பெட்டிக்குள் போகும். எம்ஜிபி போன்ற, செஸியும் உடலும் ஒன்றாக இருக்கும் கார்களில் அந்தச் சில்தான் காரைத் தாங்குகிறது.

ஈரமும் பூச்சும்

வெறும் இரும்பை ஓர் இரவு திறந்து வைத்தால் காலையில் மஞ்சள் படலம் தெரியும். வெல்ட் முடிந்த அன்றே உரசி, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்து, இரண்டு பாக எப்பொக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். அடிக்கும் முன் தகட்டின் வெப்பநிலை, காற்றின் பனிநிலையைவிட (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காலை ஏழு மணிக்கு இது பெரும்பாலும் நடக்காது. குளிர்ந்த தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும், பிரைமர் அதன் மேலேதான் ஒட்டும். பத்து மணிக்குப் பிறகு, உள்ளே ஹலோஜன் விளக்கு வைத்துத் தகட்டைச் சூடாக்கி அடியுங்கள். ஜனவரியில் இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும்போது எப்பொக்ஸி உறைவது மிக மெதுவாகும், தகட்டை இரவும் வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

வரிசை இதுதான்: எப்பொக்ஸி, அதன் மேல் மூட்டுகளுக்குப் பொலியூரேதேன் சீலர், தேவையான இடத்தில் மட்டும் 3 மில்லிமீற்றருக்கு மேற்படாத பட்டி, பிறகு மேல்பிரைமரும் பெயின்ட்டும். வெறும் இரும்பின் மேல் சீலரையோ பட்டியையோ வைக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். உட்பக்கத்துக்குக் கல் தெறிப்பைத் தாங்கும் பூச்சு, மூடிய வெற்றிடங்களுக்கு மெழுகு. நாக்குகளுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் 8 மில்லிமீற்றர் துளை இரண்டு போட்டு, அதன் வழியே மெழுகைத் தெளியுங்கள், பிறகு தண்ணீரும் அதே வழியே வெளியேறும். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் அடிக்கும் பழக்கம் வேண்டாம். அது சஸ்பென்ஷன் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், மழையில் வழிந்து தேயிலைக் கானுக்குள்தான் போகும்.

இடதுபக்கம் ஓட்டும் நாட்டில், ஹட்டன் வீதியில் எதிரே பஸ் வரும்போது ஒதுங்குவது இடது கான் ஓரத்துக்கு. அகல ஃபிளேரின் இடதுபக்க விளிம்புதான் கொங்கிரீட்டில் முதலில் உரசும். முதல் மழைக்காலம் முடிந்ததும், சக்கரத்தைக் கழற்றி விளிம்பின் மடிப்பில் படிந்த செம்மண்ணைத் தண்ணீரால் கழுவி, துளைகள் அடைபட்டிருந்தால் கம்பியால் திறந்து, சீலர் வெடித்த இடம் ஏதும் இருந்தால் அந்த வாரமே உரசிப் பூசிவிடுங்கள். இடதுபக்கத்திலிருந்து தொடங்குங்கள்.